இரண்டாவது ஓட்டை

எங்கள் வாப்பாவின் கடை இரண்டு சில்லில் ஓடும் கடை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாரன், சேலை, சட்டைத் துணி, பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பெரிய மூட்டையாகக் கட்டி மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்தில் ஏற்றுவார். காத்தான்குடியில் இருந்து ஆரையம்பதி, அங்கிருந்து மண்முனைப் பாலம். பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, முதலைக்குடா என்று ஊர் ஊராகப் போய்த் தவணைக்குத் துணி கொடுப்பார். போன மாதத்துக் காசை இந்த மாதம் வாங்குவார். மஃரிபுக்கு முன்னர் வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உம்மா தேநீர்க் கேத்தலை அடுப்பில் இருந்து இறக்குவதும் ஏற்றுவதுமாக இருப்பார்.

மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்தத் துறையில் பாதை ஓடியது. வெளியூரில் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் தெரு மட்டுமல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். சிறு பிள்ளையாக வாப்பாவுக்கு முன்னால் பெற்றோல் டாங்கியின் மேல் உட்கார்ந்து நான் ஒருமுறை அதில் போயிருக்கிறேன். பாதை கரையில் இடிக்கும்போது பைக் முன்னுக்கு ஓடிவிடாமல் இருக்க வாப்பா முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய கையின் மேல் என் கையையும் வைத்துக்கொண்டேன். நான்தான் பைக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

அதே பைக்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அதே பிரேக்கும்தான்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் இரும்பு துருப்பிடிக்க நாள் பார்ப்பதில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். இரும்பைப் போலச் சிவப்பாகப் பிடிக்காதுதான், ஆனால் உப்புக் காற்றில் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். கடந்த மாரி முழுவதும் நனைந்து நனைந்து ஓடிய பைக்கில், மழை விட்ட பிறகு முன் பிரேக் லீவரின் அடியில் இருந்து ஒயில் கசியத் தொடங்கியது. ஒரு சொட்டு டாங்கியில் விழுந்து, அந்த இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பிரேக் ஒயிலுக்கு அந்தக் குணம் உண்டு. கையில் பட்டாலும் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும்.

வாப்பா இரண்டு கிழமை பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓடினார். பின்னால் மூட்டையின் பாரம் இருக்கும்போது அது எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கராஜில் பார்த்தவர் “மாஸ்டர் சிலிண்டரை முழுசா மாத்துங்க, அதுதான் நல்லம்” என்றாராம். அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் முழுவதாக வாங்கும் விலைக்கும் உள்ளே இருக்கிற இறப்பர், பிஸ்டன், ஸ்பிரிங் மட்டும் அடங்கிய கிட்டின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாப்பா கிட்டைத்தான் கொண்டுவந்தார். கராஜில் கூலி கொடுக்காமல் நாங்களே பூட்டுவதென்று முடிவானது. வாப்பாவுக்குப் பைக் வேலை ஓரளவு தெரியும். ஆனால் இப்போது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டாலும் சின்னச் சின்னச் சாமான் தெரிவதில்லை. எனக்குக் கண் தெரியும், வேலை தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு மெக்கானிக் என்று உம்மா சொன்னார். “படிக்கிற புள்ளைக்கு இந்த ஒயில் வேலை என்னத்துக்கு?” என்று உம்மம்மா கேட்டார். நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பதால் இதுவும் படிப்புத்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.

அப்படிச் சொன்னது முழுப் பொய்யுமல்ல. அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைக்கும் குறையாமல் கடத்தப்படும் என்று பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருக்கிறோமே, பஸ்காலின் தத்துவம், அது முழுவதும் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. பஸ்கால் இதை எழுதிய நூல் அவர் இறந்து அடுத்த வருடம், 1663இல்தான் அச்சில் வந்தது. 1969இல் ஹொண்டா தன்னுடைய சீபி 750 மோட்டார் சைக்கிளின் முன் சில்லில் ஒயிலால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை வைத்து விற்கத் தொடங்கிய பிறகு, மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். எங்கள் கொப்பியில் மூன்று வரியில் முடிந்துபோகிற விடயம்.

வாப்பாவின் பைக்கில் அளந்து பார்த்தேன். லீவரில் விரல் வைக்கும் இடத்துக்கும் அச்சாணிக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர். அச்சாணியில் இருந்து பிஸ்டனைத் தள்ளும் இடத்துக்கு 2.4. ஆகவே விரலின் விசை அங்கேயே 5 மடங்காகிறது. மாஸ்டரின் பிஸ்டன் 12.7 மில்லிமீற்றர் விட்டம். கீழே டிஸ்கைப் பிடிக்கிற கெலிப்பரின் பிஸ்டன் 30. பரப்பளவுகளை வகுத்தால் இன்னும் ஐந்தரை மடங்கு. மொத்தத்தில் விரலால் 1 கிலோ பாரத்தைத் தூக்குகிற அளவு இழுத்தால், சில்லுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 28 கிலோ பாரத்தின் விசை கிடைக்கிறது. சிறு பிள்ளையாகப் பாதையில் நான் வைத்த கை அவ்வளவு வீணில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கழற்றத் தொடங்கினோம். இறப்பர் தொப்பியை எடுத்து, உள்ளே பிஸ்டனைத் தடுத்து வைத்திருக்கும் கம்பி வளையத்தைக் குறட்டால் சுருக்கி இழுத்தேன். அது மூன்று தரம் வழுக்கி நாலாம் தரம் பறந்து கோழிக்கூட்டின் பக்கம் விழுந்தது. தம்பி தேடிக் கொண்டுவந்தான். பழைய பிஸ்டன் வெளியே வந்தபோது அதன் இறப்பர் கப்களின் ஓரம் தேய்ந்து, ஒயில் கறுத்துக் கோப்பி மண்டியைப் போல இருந்தது. தம்பி ஆர்வக் கோளாறில் புது இறப்பர்களைப் பெற்றோலில் கழுவப் போனான். வாப்பா கையைத் தட்டிவிட்டார். பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் இந்த இறப்பர் ஊதிப் பெருத்துவிடும். புதுப் பிரேக் ஒயிலிலேயே நனைத்துத்தான் பூட்ட வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவரை நான் துணியால் துடைத்தேன். கிட்டோடு வந்த கடதாசியில் ஒரு படம் இருந்தது. ஒயில் குப்பியின் அடித்தளத்தில் இரண்டு ஓட்டைகளை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். வாப்பா அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மகள், இதில ரெண்டு ஓட்டை காட்டியிருக்கு. ரெண்டும் துப்பரவாக் கிடக்கா?”

குப்பியின் அடியில் ஒரு பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் வெள்ளையாக ஒரு பொட்டு. ஓட்டையா, வார்ப்பில் வந்த அடையாளமா என்று எனக்கு விளங்கவில்லை. நாலரைக்கு எனக்கு டியூஷன் வகுப்பு. இரண்டாவது ஓட்டை என்பது ஒயில் வெளியே போகும் வாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஓம் வாப்பா” என்றேன்.

வகுப்பு முடிந்து வந்து, இரவு விளக்கு வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பூட்டி, ஒயில் ஊற்றி, பிஸ்மி சொல்லி லீவரை இழுத்தேன். லீவர் ஒரு எதிர்ப்பும் காட்டாமல் வந்து கைப்பிடியைத் தொட்டது. பத்துத் தரம் இழுத்தேன், ஐம்பது தரம் இழுத்தேன். வாப்பா கீழே கெலிப்பரில் நிப்பிளைத் திறந்து மூட, நான் மேலே இழுத்துப் பிடித்து விட, காற்றெடுத்துப் பார்த்தோம். குழாயில் ஒன்றும் வரவில்லை. “மெல்ல மெல்ல, கொஞ்சமாக இழுத்து விடுங்க, குப்பிக்குள்ள குமிழி வரும்” என்றார் வாப்பா. குப்பியையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. குமிழி வராததால் மேலே காற்று இல்லை என்று முடிவு கட்டினோம். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இவ்வளவு பெரிய சில்லை நிறுத்துகிற பிரேக்கைத் துளியளவு காற்று எப்படிக் கெடுக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கிலோ பாரம் அளவுக்கு லீவரை இழுத்தால் உள்ளே வளிமண்டல அமுக்கத்தைப் போல 20 மடங்கு அமுக்கம் எழும்ப வேண்டும். திரவம் சுருங்காது. ஆனால் காற்று போயிலின் விதிப்படி இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். அரை மில்லிலீற்றர் காற்று இருந்தால் போதும். அதைச் சுருக்குவதற்கே பிஸ்டன் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் போக வேண்டும், அதற்கு விரல் 2 சென்ரிமீற்றர் அளவு வர வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் காற்று இருந்தால் லீவர் கைப்பிடியில் போய் முட்டிவிடும், பிரேக் பிடிக்காது.

கடைசியில் வாப்பாவுக்கு ஒரு வழி ஞாபகம் வந்தது. மாஸ்டரில் இருந்து ஹோஸ் புறப்படும் இடத்தில் இருக்கும் போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, நான் லீவரை இழுத்துப் பிடித்திருக்க, அவர் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். ‘புஸ்’ என்று சத்தம் வந்து நுரை பொங்கியது. நான் லீவரை விடுவதற்கு முன்னர் இறுக்கினார். ஐந்து தரம் இப்படிச் செய்த பிறகு லீவர் கையில் பிடித்துக்கொண்டது. இன்னும் நாலு தரம் இழுக்கக் கல்லைப் போல நின்றது. இரண்டு விரல் இடம்கூட அசையவில்லை.

“இந்த பைக் புதுசா இரிக்கக்குள்ளயும் இப்படி இரிக்கல்ல” என்றார் வாப்பா. உம்மா லீவரை அமுக்கிப் பார்த்தார். உம்மம்மாவும் அமுக்கிப் பார்த்தார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்துத் தம்பி எனக்கு “எஞ்சினியர்” என்று பெயர் வைத்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசைத் தோழிக்கு மாஸ்டர் சிலிண்டரின் படத்தைக் கீறி விளக்கம் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு ஓட்டைதான் கீறினேன்.

செவ்வாய்க்கிழமை வாப்பா, “முன் சில்லு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இரிக்கி. இறப்பர் புதுசுதானே, பழகினாச் சரியா வரும்” என்றார். புதன்கிழமையும் அதையே சொன்னார். வியாழக்கிழமை மஃரிபுக்கு ஹோர்ன் கேட்கவில்லை. கேத்தல் நாலு தரம் அடுப்பில் ஏறி இறங்கியது. இஷாவுக்கு பாங்கு சொன்ன பிறகுதான் வாப்பா வந்தார். “டயரில காத்துப் போச்சு” என்றார். கழற்றிப் போட்ட காற்சட்டையைக் கழுவ எடுத்த உம்மா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். வலது முழங்காலில் துணி கிழிந்திருந்தது.

“இதென்ன?”

“படியில தடக்கிட்டன்.”

உம்மா வேறொன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லோரும் படுத்த பிறகு டோச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். டயரில் காற்றுப் போன அடையாளம் ஒன்றும் இல்லை. வலது கைப்பிடியின் நுனி இறப்பர் உராய்ந்திருந்தது. பிரேக் லீவரின் குண்டு நுனியில் புதுக் கீறல். கீறலுக்குள் சிவப்புக் கிரவல் மண். டிஸ்கின் ஒரு வளையம் நீலம் பாய்ந்திருந்தது. அவ்வளவு சூடாகியிருக்கிறது. படியில் தடக்கிய மனிதனுடைய பைக்கா இது?

சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுழன்றது. குளிர்ந்த பிறகு ஒரு குற்றமும் தெரியவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு, வாப்பாவும் வியாபாரத்துக்குப் போகமாட்டார். பைக்கை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றி, பின்னால் தம்பியை உட்கார வைத்து, முன் சில்லை நிலத்தில் இருந்து தூக்கினோம். லீவரைத் தொடாமல் சில்லைச் சுற்றினேன், ஓடியது. பிறகு லீவரைப் பதினைந்து தரம் விரைவாக இழுத்து விட்டேன். கையை எடுத்துவிட்டு, “வாப்பா, இப்ப சுத்திப் பாருங்க” என்றேன். வாப்பா இரண்டு கையாலும் சுற்றினார். சில்லு அசைய மறுத்தது. லீவரை யாரும் பிடித்திருக்கவில்லை. பிரேக் தானே பிடித்துக்கொண்டு நின்றது.

இனிக் குற்றம் எங்கே என்று பார்க்க வேண்டும். மூன்று இடத்தில் இருக்கலாம். கெலிப்பரின் பிஸ்டன் உப்பில் இறுகியிருக்கலாம், ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர். மேலே மாஸ்டரின் போல்ட்டைத் துணி சுற்றித் தளர்த்தினோம். ஒயில் சீறி வந்தது, அதே கணத்தில் சில்லு விடுபட்டது. ஹோஸ் அடைத்திருந்தால் மேலே தளர்த்தியதும் கீழே விடுபட்டிருக்காது. கெலிப்பர் இறுகியிருந்தாலும் இவ்வளவு சுளுவாக விட்டிருக்காது. அப்படியென்றால் கெலிப்பரில் இருந்து திரும்பி வந்த ஒயிலை மாஸ்டர்தான் குப்பிக்குள் போக விடாமல் வைத்திருக்கிறது.

வாப்பா போல்ட்டை இறுக்கிவிட்டு, குப்பியின் மூடியைத் திறந்தார். “முந்தி வேலை செஞ்ச ஆக்கள் சொல்லுவாங்க, லீவரை இழுக்கத் தொடங்கக்குள்ள அடியில இருந்து ஒரு சின்ன ஊற்று எழும்பணும் எண்டு. முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க, கண்ணில தெறிக்கும்.” நான் மிக மெதுவாக லீவரை இழுத்தேன். ஒயிலின் மேற்பரப்பு கண்ணாடியைப் போல அசையாமல் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வெள்ளைப் பொட்டுத்தான் இரண்டாவது ஓட்டை. பெரிய ஓட்டையால் ஒயில் உள்ளே வரும். ஊசி நுனி அளவான மற்றைய ஓட்டை, லீவரை விட்ட பிறகு மிச்சமான ஒயில் குப்பிக்குத் திரும்பிப் போகிற வழி. ஓடும்போது பிரேக் சூடாகும், ஒயிலும் சூடாகி விரியும். விரிந்த ஒயில் அந்த வழியால்தான் மேலே போக வேண்டும். வழி அடைத்திருந்தால் அது கெலிப்பரைத் தள்ளும், தள்ளினால் பேட் உரசும், உரசினால் இன்னும் சூடாகும், இன்னும் தள்ளும். முதல் நாள் இரவு குமிழி வராததும் இதனால்தான். காற்று இருந்தது, அது மேலே வர வழி இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் மாறி மாறி அமுக்கிப் பார்த்துச் சந்தோசப்பட்ட அந்தக் கல்லைப் போன்ற லீவர், அதுவும் வருத்தத்தின் குணம்தான். நல்ல பிரேக்கில் லீவரின் முதல் சில மில்லிமீற்றர் வெறுமையாக அசைய வேண்டும். எங்களுடையதில் அது இருக்கவில்லை, அதையே நாங்கள் புகழ்ந்தோம்.

“வாப்பா, நீங்க ரெண்டு ஓட்டையும் துப்பரவா எண்டு கேட்டீங்க. நான் ஓம் எண்டு சொன்னன். எனக்கு ஒண்டுதான் தெரிஞ்சது. மத்தது ஓட்டையா இல்லையா எண்டு தெரியாமத்தான் சொன்னன்.”

வாப்பா ஸ்பெனரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு காற்சட்டைக் காலைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். உள்ளங்கை அளவுக்குத் தோல் போயிருந்தது.

மகிழடித்தீவுப் பக்கம் ஒரு கிரவல் ஒழுங்கையில் திரும்பும்போது முன் சில்லு மெல்ல மெல்ல இறுகியதாம். லீவரில் கை வைக்கவேயில்லையாம். மெதுவாகப் போனதால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார், மூட்டையின் மேல் விழுந்ததால் தலை தப்பியது. அவரிடம் பல வருடமாகத் தவணைக்குச் சேலை வாங்குகிற ஓர் அம்மா ஓடிவந்து, காலைக் கழுவி, பிளேன்டீ கொடுத்து, வெயில் சாயும் வரை மூட்டையைத் தன் வீட்டு விறாந்தையில் வைத்திருந்தாராம். பிரேக் ஆறியதும் சில்லு விட்டுவிட்டது. கொஞ்சத் தூரம் ஓடி, நின்று, ஆற விட்டு, மறுபடி ஓடித்தான் பாலத்தைக் கடந்திருக்கிறார். பாலத்தின் நடுவில் அப்படி நடந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. பின்னால் லொறி வந்திருந்தால் என்றும் கேட்கவில்லை.

“நீங்க ஏன் சொல்லல்ல வாப்பா?”

“நீங்க நல்லாச் செஞ்ச வேலை எண்டு நினைச்சிட்டு இருந்தீங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “நானும் படியில தடக்கினன் எண்டு சொன்னதானே. ரெண்டு பேரும் பொய் சொல்லியிருக்கம். இப்ப உம்மாக்கு ஆர் சொல்ற?” என்றார். குசினி ஜன்னலுக்குப் பின்னால் உம்மா நின்றது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடி முழுவதையும் கழற்றினோம். குப்பியில் ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்து, சிலிண்டரின் வாய்க்குள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை விட்டு மேலிருந்து பார்த்தேன். பெரிய ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தது. பொட்டில் இருட்டு. உம்மா தையல் ஊசியைக் கொண்டுவந்து நீட்டினார். ஊசி உருக்கு, அலுமினியத்தைக் கீறி ஓட்டையின் விளிம்பில் பிசிறு விட்டுவிடும், அந்தப் பிசிறில் புது இறப்பர் ஒவ்வொரு தடவையும் உரசிக் கிழியும். பழுதான சார்ஜர் வயர் ஒன்றை வெட்டி, உள்ளே இருக்கும் தலைமயிர் போன்ற செப்புக் கம்பிகளில் ஒன்றை எடுத்தேன். செப்பு மெதுமையானது. அது வளைந்து வளைந்து போனது. ஒரு மணித்தியாலம் இருக்கும். வாப்பா தன் கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பெருப்பித்துப் பார்க்கிற மாதிரி எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பற்பசை போல வெள்ளையாக ஒரு துளி வெளியே வந்தது. பழைய ஒயிலும் ஈரமும் அலுமினியமும் சேர்ந்து வருடக்கணக்காகக் கட்டியது. மறுபடி வெளிச்சத்தை விட்டேன். இருட்டுப் பொட்டு இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம்.

“வாப்பா, தெரியுது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எங்க? ஆ, ஓம். ரெண்டு” என்றார். எண்ணிச் சொன்னார்.

இந்த முறை ஒயில் ஊற்றி மெதுவாக இழுத்ததும் குப்பிக்குள் குமிழி குமிழியாக வந்தது. அவை நின்ற பிறகு ஒரு சின்ன ஊற்று, கிணற்றில் புது ஊற்றுக்கண் திறந்த மாதிரி, மேற்பரப்பைத் தள்ளிவிட்டு அடங்கியது. காற்றெடுக்க இருபது நிமிடமும் ஆகவில்லை. லீவர் இப்போது கல்லைப் போல இல்லை. முதலில் கொஞ்சம் சும்மா அசைந்து, பிறகு பிடிக்கிறது. “போன முறையை விட இது கொஞ்சம் மெதுவாத்தான் கிடக்கு” என்றார் உம்மம்மா, அனுபவப்பட்டவராக. பதினைந்து தரம் இழுத்து விட்டுச் சில்லைச் சுற்றினோம், ஓடியது. நாற்பது தரம் இழுத்து விட்டுச் சுற்றினோம், ஓடியது. வாப்பா தனியே ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டிஸ்கில் தண்ணீர் தெளித்தார். லேசாகத்தான் ஆவி பறந்தது. மறுபடி சுற்றினோம்.

அதன் பிறகு சில நாள் நான் தினமும் மூடியைத் திறந்து ஊற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா அதைத் தடை செய்துவிட்டார். பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். நூற்றுக்கு நாலு பங்கு அளவில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் லீவர் மறுபடி கைப்பிடியில் முட்டும். வாவிக் காற்றில் மூடியைத் திறந்து வைத்து விளையாடக் கூடாது என்பது நியாயம்தான். அதனால் இப்போது காலையில் மூட்டை கட்டுவதற்கு முன்னர் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதோடு சரி. அதற்கு என்னைக் கூப்பிடாமல் வாப்பா புறப்படுவதில்லை. பரீட்சை நாள் என்றாலும் கூப்பிடுவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை உம்மா வட்டிலாப்பம் அவித்து, மகிழடித்தீவு அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லிக் கட்டித் தந்தார். அன்றைக்கு மூட்டை இல்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். பாலத்தின் இறக்கத்தில் வாப்பா தேவையில்லாமல் ஒரு தரம் பிரேக் பிடித்துக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா வட்டிலாப்பத்தை வாங்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவவோ பிரேக் செய்த பிள்ள?”

“ஓம்” என்றார் வாப்பா. “ரெண்டு தரம் செய்தவ.”